பீலித் தண்ணீரும் வயிற்றுக்கடுப்பும்

ஒரு சமுதாயத்தின் வாழ்நிலையை அறிந்துகொள்வதற்கு அளவுகோல்கள் பல உள. வருமானத்தைக் கொண்டு அளப்போர் உளர். எழுத்தறிவைக் கொண்டு அளப்போரும் உளர். ஆயின், ஒரு மனிதன் குடிக்கும் நீருக்கும் அவனது ஊரார் கழிக்கும் மலத்துக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று வினவுவதும் ஓர் அளவுகோலே எனக் கூறினால், தமிழ்ச் சங்கத்தின் மலரிலே இது என்ன பேச்சு என முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். மொழியையும் வரலாற்றையும் பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவன் ஒருவன் குடலைப் பற்றி எழுத முனைவதும் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும், நான் பிறந்து வளர்ந்த இடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் குடலைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது என்பது எனது துணிபு. அதனை இயன்றவரை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

அக்கரப்பத்தனை, நுவரெலியா மாவட்டத்தில் ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தை ஒட்டிய மலைப்பகுதி. ‘பத்தனை’ என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் வழி வந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் வருமுன் இம்மலைகள் காடும் புல்வெளியுமாகக் கிடந்தன என்பதற்கு இப்பெயரே சான்று. இன்று மலையுச்சி வரை தேயிலையே காணப்படுகின்றது. மலையிடுக்குகளில் ஊற்றெடுக்கும் நீர் ஓடைகளாக இறங்கி ஆக்ரா ஓயாவைச் சேர்கின்றது. அவ்வோடைகளை ஆங்காங்கே மறித்து, மூங்கிலோ தகரமோ குழாயோ வைத்து நீர் விழும்படி செய்த இடத்தைத் தோட்டத்து மக்கள் பீலி என்பர். குளிப்பதும் துவைப்பதும் குடத்தில் முகந்து செல்வதும் பீலிக்கரையிலேதான். ஊர்ச்செய்தி பரிமாறப்படும் மன்றமும் அதுவே.

பீலித் தண்ணீர் பளிங்கு போன்றது. கைவைத்தால் விறைக்கும் குளிர்ச்சி உடையது. ‘மலைத்தண்ணி, சுத்தமான தண்ணி’ என்று பெருமையோடு சொல்லாத தோட்டத்தவர் இல்லை. உச்சியில் ஊற்றெடுக்கும் இடத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், மலைநாட்டின் குடியிருப்பு அமைப்பையும் நாம் கருதவேண்டும். லயன்கள் சரிவிலே ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் லயத்தின் கழிவுநீர் செல்லும் திசையும் கீழ் லயத்தின் குடிநீர் வரும் திசையும் ஒன்றே. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேலே உள்ள கழிவுக்குழி எதுவாயினும் அது கீழே உள்ள பீலியை நாடிச் செல்வது இயற்கையின் நியதி. கண்ணுக்கு அந்நீர் அப்போதும் பளிங்காகவே தோன்றும்.

அந்தப் பளிங்கு நீரில் கண்ணுக்குப் புலப்படாது வரக்கூடிய ஓர் உயிரே இக்கட்டுரையின் பொருள். பாடசாலையில் விஞ்ஞானம் கற்ற எவருக்கும் அமீபா என்ற சொல் புதிதன்று. ஒரே கலத்தாலானது, நிலையான வடிவமற்றது, போலிக்கால்களை நீட்டி நகர்வது, இரையைச் சூழ்ந்து விழுங்குவது. குளத்து நீரில் வாழும் அமீபா நமக்குத் தீங்கற்றது. ஆனால் மனிதனின் குடலையே இருப்பிடமாகக் கொண்ட அமீபாக்கள் சில உள. அவற்றுள் பெரும்பாலானவை சத்திரத்தில் தங்கிச் செல்லும் வழிப்போக்கரைப் போல இருந்துவிட்டுப் போகின்றன. ஒன்று மட்டும் தங்கிய வீட்டின் சுவரையே தின்னவல்லது. அதன் பெயர் எண்டமீபா ஹிஸ்ரோலிற்றிக்கா. இழையத்தைக் கரைப்பது என்பது அப்பெயரின் பின்பகுதிக்குப் பொருள்.

இவ்வுயிருக்கு இரு நிலைகள் உண்டு. ஒன்று, குடலில் உண்டு திரிந்து பெருகும் நிலை. மற்றையது, தடித்த சுவரினுள் தன்னை அடக்கிக்கொண்டு மலத்தோடு வெளியேறும் சிறைப்பை நிலை. நூறு சிறைப்பைகளை வரிசையாக அடுக்கினாலும் ஒன்றரை மில்லிமீற்றர் நீளத்தைத் தாண்டா. உண்ணும் நிலையிலுள்ள அமீபா உடலுக்கு வெளியே விரைவில் மடிந்துவிடும். விழுங்கப்பட்டாலும் இரைப்பையின் அமிலத்துக்குத் தப்புவதில்லை. சிறைப்பையோ அமிலத்தைத் தாங்கும். குடிநீருக்கு வழமையாக இடப்படும் அளவு குளோரீனையும் தாங்கவல்லது. வெயிலும் வறட்சியும் அதற்குப் பகை. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் அது நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கிலும் உயிரோடு காத்திருக்கும். ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் குளிருமாக விளங்கும் மண் எது என்று மலைநாட்டாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விழுங்கப்பட்ட சிறைப்பை சிறுகுடலில் உடைந்து அமீபாக்களை வெளிவிடுகின்றது. அவை பெருங்குடலை அடைந்து அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் சுவரைத் துளைத்து, வாய் குறுகி அடி அகன்ற குடுவை போன்ற புண்களை உண்டாக்குகின்றன. இரத்தமும் சீதமும் கலந்து வயிறு கடுத்துக் கழியும் நோய் இதுவே. அமீபா மனிதக் கலங்களை நச்சால் கொன்ற பின்னரே உண்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உயிருள்ள கலத்தையே அது சிறிது சிறிதாகக் கடித்து விழுங்குவதையும், அக்கடியாலேயே கலம் இறப்பதையும் 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ‘வயித்தைக் கடிச்சு எடுக்குது’ என்று எங்கள் அப்பாயி சொல்வதுண்டு. அவர் கண்டது நோவை. ஆய்வாளர் கண்டது கலத்தை. இரு சாராருக்கும் வாய்த்த சொல் ஒன்றாகவே இருந்தது.

இந்நுண்ணுயிர் அறிவுலகுக்கு அறிமுகமான கதையும் சுவையானது. 1875ஆம் ஆண்டில் ருசிய நாட்டின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் லொஷ் என்னும் மருத்துவர், வயிற்றுளைச்சலால் வருந்திய ஏழைக் குடியானவன் ஒருவனின் மலத்தில் அமீபாக்களைக் கண்டு விரித்தெழுதினார். பனி பொழியும் வடதேசத்திலேயே இது முதன்முதல் கண்டறியப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. ‘வெப்பவலய நோய்’ என்று நாம் சூட்டியுள்ள பெயர் பாதி உண்மையே. 1933இல் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விருந்தினர் விடுதிகளின் குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பழுதுபட்டுக் கலந்தமையால், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர், பலர் மாண்டனர். செல்வந்த நாட்டின் உயர்ந்த விடுதியில் ஒரு குழாய் கசிந்தால் நேர்வது, குழாயே இல்லாத மலைச்சரிவில் நாள்தோறும் நேரக்கூடும். நோயின் வேர் வெப்பத்தில் அன்று, குழாயில் உள்ளது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1903இல் ஜேர்மானிய விஞ்ஞானி ஷோடின் இவ்வுயிருக்கு இன்றைய பெயரை இட்டார். 1913இல் பிலிப்பைன்ஸ் தீவில் வோக்கர், செலாட்ஸ் என்னும் இருவர் சிறைக்கைதிகளுக்குச் சிறைப்பைகளை உண்ணக் கொடுத்துச் சோதித்தனர். உண்ட இருபதின்மருள் பதினெண்மருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களுள் நால்வருக்கே நோய் வெளிப்பட்டது. தொற்று வேறு, நோய் வேறு என்ற பேருண்மை இவ்வாறு நிறுவப்பட்டது. அவ்வுண்மைக்கு விலையாகத் தம் குடலைக் கொடுத்தவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலு குன்றிய கைதிகள் என்பதையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். மருத்துவ வரலாற்றில் கண்டுபிடித்தவரின் பெயர் நிற்கின்றது. உண்டவரின் பெயர் நிற்பதில்லை.

நால்வருக்கே நோய் வந்தது ஏன்? பிரெஞ்சு அறிஞர் புரும்ப் 1925இல் இதற்கு ஒரு விடை சொன்னார். ஒரே தோற்றமுடைய இரு வேறு அமீபாக்கள் உள்ளன. ஒன்று தீயது, மற்றையது தீங்கற்றது என்பது அவர் கூற்று. உருப்பெருக்கியில் வேறுபாடு தெரியாமையால் அதனை ஏற்பார் அருகினர். 1993இலேயே அவர் கூற்று சரியென உறுதியாயிற்று. தீங்கற்றதற்கு அவர் இட்ட எண்டமீபா டிஸ்பார் என்ற பெயரே நிலைபெற்றது. ‘மலத்தில் அமீபா உண்டு’ என்று பரிசோதனைச் சீட்டில் எழுதப்பட்டாலும், அது எந்த அமீபா என்பதை உருப்பெருக்கி மட்டும் பெரும்பாலும் சொல்லிவிடாது. சிவப்பணுவை விழுங்கிய அமீபா தென்பட்டால் ஐயம் பெரிதும் வலுக்கும். மற்றப்படி வேறுவகைச் சோதனைகள் தேவை. மேலும், வயிற்றுக்கடுப்பு எல்லாம் அமீபாவால் வருவதுமன்று. பற்றீரியாக்களால் வரும் வயிற்றுளைச்சலும் உண்டு. அது திடீரெனக் காய்ச்சலோடு தோன்றி, குழந்தைகளை விரைவில் வாட்டுவது. தீய அமீபாவே குடியேறினாலும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. ஆயினும், அந்த ஒன்பது பேரும் சிறைப்பைகளை வெளியிட்டவண்ணமே இருப்பர். நலமாக நடமாடுபவரின் வழியாகவே இந்நோய் பரவுகின்றது.

இனி, இந்நோய்க்கும் எமது மொழிக்கும் உள்ள உறவை நோக்குவோம். தோட்டத்தில் ‘அமீபா’ என்ற சொல் வழக்கில் இல்லை. ‘வயித்துக்கடுப்பு’, ‘சீதம் போகுது’, ‘ரத்தமும் சீதமுமாப் போகுது’ என்பனவே வழக்கு. இவை நோவின் பெயர்களேயன்றி நோயின் பெயர்கள் அல்ல. மழைக்காலம் வந்தால் வயித்துக்கடுப்பு வரும் என்பது, மழைக்காலம் வந்தால் அட்டை கடிக்கும் என்பது போன்ற ஓர் இயல்பான செய்தியாகிவிட்டது. பெயரிடப்படாத நோய் விதியாகிவிடுகின்றது. விதிக்கு மருந்து கேட்பவர் யார்? கொய்யாக் கொழுந்தைக் கசக்கிச் சாறு குடிப்பார்கள். மாதுளந்தோலை அவித்துக் குடிப்பார்கள். பால் கலவாத தேத்தண்ணியைக் கசக்கக் கசக்கக் குடிப்பார்கள். அதுவும் தீராவிடின் தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஒரு நடை. அங்கே நோவைத் தமிழில் சொல்ல, கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதப்படும். மேலிட ஆஸ்பத்திரிக்குச் செல்லின் சிங்களத்தில் கேள்வி வரும். மூன்று மொழிகளைக் கடந்து செல்லும் ஒரு நோவு, வழியில் எதையேனும் இழக்காதிருக்குமா?

இதனை நான் நூலிலிருந்து அறியவில்லை. 2018ஆம் ஆண்டு, நான் உயர்தர வகுப்பில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், எனது பெரியப்பா நோயுற்றார். அவர் கவ்வாத்து வெட்டுபவர். ஆடி மாத மழையிலும் ஒரு நாள் வேலைக்குத் தவறாதவர். மாலை நேரங்களில் காய்ச்சல் கண்டது, வலப்பக்க விலாவின் கீழ் குத்தெடுத்தது, வலத்தோளும் நொந்தது, மூச்சை இழுத்தால் நோவு கூடியது. வயிற்றுப்போக்கு சிறிதும் இருக்கவில்லை. ஓரிடத்தில் ‘காஸ்டிரிக்’ என்று மாத்திரை கொடுத்தார்கள். மற்றோரிடத்தில் சளி என்றார்கள். மூன்று வாரங்களில் ஆள் பாதியாகிவிட்டார். லயத்திலோ வேறு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ‘ஈரல் வீங்கியிருக்கு, அப்படின்னா குடிதான்’ என்பதே அத்தீர்ப்பு. பெரியப்பா குடியை நிறுத்திப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த மகள் பிறந்த நாளில் விட்டவர், பின்னர் திருவிழாவிலும் சாவு வீட்டிலும்கூடத் தொட்டதில்லை. ஊரார் பேச்சு காதில் விழுந்த பின்னர் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். போனால் அங்கேயும் அதைத்தான் கேட்பார்கள் என்பது அவரது அச்சம்.

அவர் அஞ்சியபடியே நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவரைக் கொண்டுசென்றபோது, எனக்குச் சிங்களம் ஓரளவு வரும் என்பதனால் நானும் உடன் சென்றேன். முதற்கேள்வியே நாளொன்றுக்கு எவ்வளவு குடிப்பார் என்பதுதான். ‘குடிப்பதில்லை’ என்று நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளாமல் மறுபடியும் அதே கேள்வி வந்தது. இரண்டாவது முறை மொழிபெயர்க்கவே எனக்கு நா எழவில்லை; பெரியப்பாவுக்கோ மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பின்னர் ஸ்கான் எடுத்தார்கள். ஈரலின் வலப்பாகத்தில் பெரிய சீழ்க்கட்டி ஒன்று இருந்தது. ஊசி செலுத்தி எடுத்த நீர், பால் கலவாத கோப்பியின் நிறத்தில் இருந்தது. இரத்தச் சோதனையின் பின் அமீபாவின் வேலை என்று சொன்னார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. முதற்கேள்வி கேட்ட அதே மருத்துவர்தான் இரவிரவாக இருமுறை வந்து பார்த்தார் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

வீடு திரும்பியதும் பெரியம்மா என்னிடம் அமைதியாகச் சொன்னார்: “தண்ணி போட்டாத்தான் ஈரல் கெடும்னு சொன்னாங்களே தம்பி, இப்ப பீலித் தண்ணியக் குடிச்சே கெட்டுருக்கு. எந்தத் தண்ணிக்குப் பயப்படுறது?” தமிழில் ஒரே சொல் மதுவையும் நீரையும் குறிப்பதன் விந்தையை அன்றுதான் நான் முழுதாக உணர்ந்தேன். ஒரு தண்ணீருக்குப் பழி உண்டு; மறு தண்ணீருக்குப் பழியே இல்லை.

குடற் சுவரைத் துளைத்த அமீபா சிலவேளை இரத்தக் குழாயினுட் புகுந்து ஈரலைச் சேரும் என்பதையும், அவ்வாறு கட்டி தோன்றுவோரிற் பலருக்கு வயிற்றுப்போக்கே இராது என்பதையும், மலத்தைச் சோதித்தாலும் அமீபா பெரும்பாலும் அகப்படாது என்பதையும் பேராதனைக்கு வந்த பின் நூலகத்தில் அமர்ந்து கற்றேன். பெண்களைவிட வளர்ந்த ஆண்களையே ஈரற்கட்டி பன்மடங்கு தாக்குகின்றது. எமது நாட்டில் இந்நோய் மிகுதியாக ஆராயப்பட்ட இடம் யாழ்ப்பாணம். அங்கு 2010ஆம் ஆண்டின் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் நோயாளர் ஏறத்தாழ அனைவரும் ஆண்களாகவும், பெரும்பாலோர் கள் அருந்துவோராகவும் காணப்பட்டனர். இது மறுக்கமுடியாத செய்தி. எனினும், ‘பெரும்பாலோர்’ என்பது ஒரு தொகையின் பண்பேயன்றித் தனிமனிதன் ஒருவனின் வாக்குமூலம் அன்று. புள்ளிவிவரம் மருத்துவருக்கு ஐயத்தைத் தரவேண்டும், தீர்ப்பைத் தரலாகாது. குடித்தவனாயினும் அவனுக்கு வந்தது நோயே, தண்டனை அன்று. குடிகாரன் எனும் பழிக்கு அஞ்சி ஒருவர் மூன்று வாரம் தாமதித்தால், கட்டி உடைந்து நெஞ்சறைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ பரவ இடமுண்டு. அந்நிலையில் உயிரைக் காப்பது அரிது. அவமானமும் ஒரு நோய்க்காரணி என்று எந்தப் பாடநூலும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

இவ்விடத்து வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்ட காலத்தில் ஆட்சியாளர் அஞ்சியது வாந்திபேதிக்கும் அம்மைக்கும். மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்துவைத்துக் கண்காணித்ததன் நோக்கம் அந்நோய்கள் கடல் கடந்து வராதிருத்தலே. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றி 1872இலும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினர். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் போதிய மலகூடங்கள் இன்மையால் மருந்துண்டவர்களே மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். மலகூடம் கட்டுவது செலவு என்று தோட்ட நிருவாகங்கள் தயங்கின. மருந்து தொழிலாளியை அடுத்த மாதம் வேலைக்கு அனுப்பும். மலகூடம் அவன் பேரனைக் காக்கும். இலாபக் கணக்கில் முன்னையதே எளிதில் இடம்பெறும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது. மலகூடங்கள் முன்னைவிடப் பெருகியுள்ளன. தனி வீடுகளும் ஆங்காங்கே எழுந்துள்ளன. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் எழுந்த கேள்வி முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

மருந்தைப் பொறுத்தவரை மனிதகுலம் தோற்கவில்லை. பிரேசில் நாட்டின் இப்பிக்காக் வேரும் நமது குடசப்பாலைப் பட்டையும் நெடுங்காலமாக வயிற்றுளைச்சலுக்குப் பயன்பட்டன. இப்பிக்காக் வேரின் சத்தாகிய எமற்றீனை ஊசிவழி செலுத்தி நோயைத் தணிக்கலாம் எனக் கல்கத்தாவில் லெனாட் றொஜேர்ஸ் 1912இல் காட்டினார். அது இதயத்தை வருத்தும் மருந்து. 1960களில் மெற்றோனிடசோல் வந்தபின் எமற்றீன் மெல்ல வழக்கொழிந்தது. இன்று ஈரற்கட்டியைக்கூடப் பெரும்பாலும் மாத்திரையாலேயே ஆற்றலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இழையத்தினுட் புகுந்த அமீபாவை மெற்றோனிடசோல் கொல்லும். குடலின் உட்குழிவில் எஞ்சியிருப்பவற்றை முற்றாக அழிக்க அது போதாது. அதற்கு டைலொக்சனைட்டு போன்ற வேறொரு மருந்து தொடர்ந்து கொடுக்கப்படல் வேண்டும். நோவு நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. நின்றது நோவு மட்டுமே. சிறைப்பைகள் பீலியை நோக்கிய பயணத்தை நிறுத்தியிருக்கமாட்டா.

ஆகவே, காப்பின் பெரும்பகுதி மருந்துக்கு முன்னரே உள்ளது. அது அனைவரும் அறிந்த பழைய வழி: நீரைக் கொதிக்கவைத்தல். மலைநாட்டின் உயரத்தில் நீர் நூறு பாகைக்கு முன்னரே கொதித்துவிடும். 1500 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையில் கொதிக்கும். எனினும் சிறைப்பையைக் கொல்ல அது தாராளமாகப் போதும். உலகுக்கே தேயிலையைப் பறித்துக் கொடுக்கும் மக்களின் வீட்டில், பெரும்பாலும் ஐயமின்றிக் குடிக்கத்தக்க பானம் தேத்தண்ணியே என்பது எண்ணத்தக்கது. அது கொதித்த நீர். ஆனால், மலையில் கொழுந்தெடுக்கும் பெண் நண்பகலில் தாகம் எடுத்தால் குனிந்து அள்ளுவது ஓடை நீரை. அம்மலையில் அவளுக்கு மலகூடமும் பெரும்பாலும் இல்லை. ‘கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. விறகு எங்கே? கவ்வாத்து மிலாறு மழையில் நனைந்து கிடக்கும். அதைக் காயவைக்க லயத்துக் காம்பிராவில் அடுப்பின் மேற்பரணைத் தவிர வேறிடம் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காது நகரத்தார் வரிசையில் நின்றபோது, நீர் கொதிக்கவைப்பதற்கு விலை உண்டு என்பதை நாடு முழுவதும் கண்டுகொண்டது. தோட்டத்துப் பெண் அதை என்றும் அறிந்திருந்தாள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்குச் செல்லவேண்டியவளிடம் இன்னும் ஒரு குடம் நீரைக் காய்ச்சச் சொல்வது, அவளது உறக்கத்தில் அரைமணி நேரத்தைக் கேட்பதாகும்.

இதனால் இழப்பது வேலைநாட்கள் மாத்திரமன்று. பங்களாதேசத்தின் தலைநகர் டாக்காவில் மீர்ப்பூர் என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகள், மீண்டும் மீண்டும் இத்தொற்றுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஆளாகும் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுவதைக் காட்டின. குறைந்த போசாக்கு தொற்றை வரவேற்கின்றது. தொற்று போசாக்கை மேலும் குறைக்கின்றது. ஒருமுறை தொற்றியவரின் குடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் தோன்றுவதையும் அவ்வாய்வுகள் கண்டன. தடுப்பூசிக்கான நம்பிக்கை அதில் உண்டு. தடுப்பூசி இன்னும் வழக்குக்கு வரவில்லை. அதுவரை பிள்ளைக் காம்பராவில் கைகழுவச் சவக்காரம் இருக்கிறதா என்பதே பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாக இருக்கும்.

கலைப்பீடத்தார் இதில் செய்யத்தக்கது யாது என்று கேட்கலாம். முதலாவது, பெயரிடுதல். வயித்துக்கடுப்பு என்ற சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்துள்ளன என்பதை, தோட்டத்து மக்களின் பேச்சுமொழியிலேயே விளக்கும் சிறு நூல்கள் எழுதப்படல் வேண்டும். ‘வலப்பக்க விலாக் குத்து, மாலைக் காய்ச்சல், வலத்தோள் நோவு’ என்னும் மூன்றும் சேர்ந்துவரின் தாமதியாதே என்று சொல்லும் ஒரு பக்கத் துண்டு எத்தனையோ உயிர்களுக்கு உதவும். இரண்டாவது, மொழிபெயர்ப்பு. நோயாளியின் சொல்லை மருத்துவரிடமும் மருத்துவரின் சொல்லை நோயாளியிடமும் சிதையாது சேர்ப்பது மொழி கற்றோரின் கடமையே. அதனைப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவனின் அரைகுறைச் சிங்களத்துக்கு விட்டுவைக்கலாகாது. மூன்றாவது, வரலாறு எழுதுதல். உற்பத்தியின் அளவும் ஏற்றுமதியின் வருமானமும் பதியப்பட்ட ஏடுகளுக்குப் பக்கத்தில், எத்தனை பேர் எந்த நீரைக் குடித்தனர் என்ற ஏடும் வைக்கப்படல் வேண்டும்.

அக்கரப்பத்தனையின் லயங்களை ஒட்டி இறங்கும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியாகின்றது. அந்த மகாவலி எமது பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமாகவே ஓடுகின்றது. கண்டிப் பகுதியின் குழாய்களுக்கு அதன் நீர் செல்லும்போது, அது படியவிடப்பட்டு, வடிகட்டப்பட்டு, பின்னரே குளோரீன் இடப்பட்டுச் செல்கின்றது. குளோரீனுக்கு அஞ்சாத சிறைப்பையை வடிகட்டும் மணற்படுகை பிடித்துக்கொள்கின்றது. ஆற்றின் அடிவாரத்தில் நாம் செய்ய அறிந்திருப்பதை அதன் தலைமாட்டில் செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஊற்றைச் சுற்றி ஒரு வேலி, ஒரு மணல்வடி, மூடிய தொட்டி, லயத்துக்கு ஒரு குழாய், குடிநீருக்குக் கீழே அமைந்த மலகூடம், இவையே தேவை. இவற்றை ஒவ்வொரு தோட்டமும் பெறும்வரை, எந்தத் தண்ணிக்குப் பயப்படுவது என்ற கேள்விக்குக் கற்றோராகிய நாம் விடைசொல்லக் கடமைப்பட்டவர்களாகவே இருப்போம்.